ஊர் முழுக்கக் காஞ்சிபுரம், ஒரு வீடு மட்டும் சிலோன்

போன வாரம் கோமதி டீச்சர் போன் செய்தார். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கிய பிறகு, பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வந்தவர். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவர் பெயரைக் கொடுத்திருக்கிறார்களாம். குரலிலேயே கலக்கம் தெரிந்தது.

"ஏனுங்க டீச்சர், போன தடவ நீங்க கணக்கெடுத்தப்ப ஊர்ல அத்தன பேரும் காஞ்சிபுரத்துல பொறந்தவங்கன்னு எழுதிட்டீங்களாமே? நெசமுங்களா, இல்ல என்னைய ஓட்டறாங்களா?"

"எழுதினதும் நெசம், மாத்தி எழுதினதும் நெசம்" என்றேன். கோமதி அரை நிமிடம் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்தக் கதையின் முதல் பாதியை யாரிடம் சொன்னாலும் சிரிப்பு நிச்சயம். இரண்டாம் பாதியை இத்தனை வருடத்தில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுதான் இது.

1997இல் எனக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் வந்தது. சேந்தமங்கலம் பக்கம் நிலபுலம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் தோட்டத்தில் நின்றால் மலை தெரியும்; அதில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது மாற்றல் உத்தரவு வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தி எடுத்தபடி ஏறி, பெரக்கரை நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். வாந்தி நிற்க ஆறு மாதம் ஆயிற்று. ஊரார் என்னைக் 'கீழ்நாட்டு டீச்சர்' என்பதை நிறுத்துவார்கள் என்று பதினோரு வருடம் காத்திருந்தேன். நிறுத்தவில்லை. அவர்களுக்கு நாடு என்றால் பெரக்கரை நாடு. அதற்கடுத்து குண்டனி நாடு போன்ற மற்ற நாடுகள். மலையடிவாரத்துக்குக் கீழே இருப்பதெல்லாம், நாமக்கல் முதல் டெல்லி வரை, கீழ்நாடு.

2001 கணக்கெடுப்புக்கு எங்களைக் கீழே ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச்சொல்லி மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நாளில் என்ன கற்றேன் என்று கேட்டால், படிவத்தை மடிக்கக் கூடாது என்பதுதான். மிஷின் படிக்கப்போகிறதாம், மடித்தால் அதற்குப் பிடிக்காதாம். நான் இரண்டு அட்டைகளுக்கு நடுவே படிவங்களை வைத்து நாடாவால் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். "டீச்சர், கல்யாண ஆல்பமுங்களா?" என்று கேட்காத வீடு இல்லை.

எங்கள் மலைப்பகுதிக்குப் பொறுப்பு அதிகாரி நல்லசிவம் சார். தாலுகா ஆபீஸில் துணை தாசில்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் தாழும். அதிகக் கோபம் வந்தால் உதடு அசைவதை வைத்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். சட்டைப் பையில் ஆறு அங்குல மர ஸ்கேல் ஒன்று இருக்கும். படிவத்தைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு வரிக்கும் அடியில் அதை வைத்து, படித்து, நகர்த்துவார். அவசரமாக அடுத்த வரியைப் பார்க்க ஆசை வந்தாலும் ஸ்கேல் நகராமல் கண் நகராது.

பயிற்சியின் கடைசி நாள் அவர் மைக்கை ஒதுக்கிவிட்டு எங்கள் வரிசைக்கே வந்து நின்று சொன்னார்.

"மூணே விஷயம்மா. கேளுங்க. சொன்னத எழுதுங்க. எழுதினத மறந்துருங்க. மொத ரெண்டுல தப்பு வந்தா நான் சரி பண்ணிருவேன். மூணாவதுல வந்தா யாராலயும் சரி பண்ண முடியாது."

மூன்றையும் குறித்துக்கொண்டேன். எனக்கு அழகான கையெழுத்து.

கணக்கெடுப்பின் முதல் வீடு ஊர்க்கவுண்டர் பெரியசாமியுடையது. அதுதான் முறை; அவர் வீட்டில் தொடங்காவிட்டால் வேறு எந்த வீட்டிலும் கதவு திறக்காது. அவர் குளித்து, துண்டு மாற்றி, தயாராக உட்கார்ந்திருந்தார். பெயர், வயது, உறவு எல்லாம் சரளமாக வந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்தேன்.

"பொறந்தது எங்கீங்க?"

"காஞ்சிபுரமுங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் காஞ்சிபுரம் என்ன, திருச்சி தாண்டியிருந்தாலே ஆச்சரியம்.

"நீங்க இந்த ஊட்டுலதானுங்களே பொறந்தீங்க?"

"டீச்சர், நான் எங்க பொறந்தேங்கறது எம்மவனுக்கே வேண்டாத சமாச்சாரம். கவர்மென்டுக்கு எதுக்குங்க? எங்க வமுசம் எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதுங்க. மூணு அண்ணந்தம்பிங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தாங்க, ஆளுக்கொரு மலைய எடுத்துக்கிட்டாங்க. இல்லாட்டி எங்கள என்னமோ காட்டுல மொளச்சவங்கன்னு எழுதிப்போடுவாங்க."

அடுத்த கட்டம், இடம்பெயர்ந்த காரணம். வேலை, வியாபாரம், படிப்பு, கல்யாணம் என்று அச்சிட்டிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்தார்.

"அங்கத்த ராசாகூட ஒரு மனஸ்தாபமுங்க" என்றார், நேற்று நடந்ததுபோல. "அதுக்கு மேல எழுத வேண்டாம். பழைய விசயம்."

'பிற காரணம்' என்று எழுதினேன்.

எத்தனை வருடமாக இங்கே வசிக்கிறீர்கள் என்ற கட்டத்தில் இரண்டு இலக்கம் எழுதத்தான் இடம். அதைக் காட்டியபோது அவர் மிஷினைப் பற்றி ஒரு அபிப்பிராயம் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

முந்தின நாளே ஊர் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அடுத்தடுத்த வீடுகளில் கைக்குழந்தை வரை காஞ்சிபுரம். வயசான அம்மா ஒருவர் மட்டும் "நான் பொறந்தது குண்டனி நாடு" என்று உண்மையைச் சொல்லிவிட, மருமகள் உள்ளேயிருந்து ஓடிவந்து, "அத்தே, காஞ்சிபுரம்னு சொல்லுங்க, டீச்சர் எழுதறாங்க!" என்று கத்தினார். ஊர்க்கவுண்டருக்கு அந்த நாட்களில் ஒரே கவலைதான். "குண்டனி நாட்டுக்காரங்களும் காஞ்சிபுரம்னு சொல்றாங்களாமா? சொல்லட்டும். ஆனா அவங்க எங்களுக்கு அப்பறம் வந்தவங்கன்னு ஒரு வார்த்த சேத்துக்குங்க."

சொன்னதை எழுது என்பது இரண்டாவது விதி. நான் எழுதினேன்.

ஊரின் கடைசி வீடு சரிவில், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே இருந்தது. ராசு, அவர் மனைவி தவமணி, எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் மதி. நான் மலைக்கு வருவதற்குச் சற்று முன்னால் வந்து, ஊர்க்கவுண்டரின் நிலத்தில் மரவள்ளி போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ராசுவின் பேச்சில் ஒரு இழுப்பும் மெல்லோசையும் உண்டு. அதைக் கேட்டு ஊர் அவரைக் கேரளாக்காரர் என்று முடிவு செய்திருந்தது. நானும்தான். படித்தவள் என்ற முறையில், அவர் பாலக்காட்டுப் பக்கம் என்றுகூட ஊகித்து வைத்திருந்தேன்.

"பொறந்த இடம் சொல்லுங்க."

ராசு தவமணியைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"டீச்சர், இதை ஆரும் வாசிப்பினமோ?"

"யாருக்கும் காட்ட மாட்டாங்க. கோர்ட்டு கேட்டாக்கூடக் குடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு" என்றேன். பயிற்சியில் கற்றதைச் சொல்ல எனக்குப் பெருமை.

"எங்கட நாட்டிலயும் சட்டம் இருந்தது" என்றார். "சட்டத்தில ஒரு குறையும் இல்லை. வைச்சிருக்கிற ஆக்கள்தான்."

தவமணி அடுப்படியிலிருந்து, "சொல்லுங்கோவன். டீச்சர்தானே" என்றார்.

அந்த 'டீச்சர்தானே' இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் பிறந்தது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். தவமணி மன்னார். மதி தமிழ்நாட்டில், அகதி முகாமில் பிறந்தவள். முகாமில் காலையும் மாலையும் பெயர் கூப்பிடுவார்கள். அப்படி ஒருநாள் கூப்பிட்டபோது இவர்கள் அங்கே இல்லை. அனுமதியில்லாமல் கிளம்பி, பஸ் கடைசியாக நிற்கும் இடம் எதுவோ அதுவரை வந்து இறங்கியிருக்கிறார்கள். பிடிபட்டால் திரும்ப முகாம்தான், அதுவும் முன்பிருந்தது போன்ற முகாமாக இருக்காது என்று ராசு சொன்னார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், "நான் இந்தியனோ எண்டு அதில கேக்கேல்லையோ?" என்றார்.

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். "கேக்கலீங்க. இங்க இருக்கீங்களான்னுதான் கேக்குது."

"நல்ல தாள்" என்றார் ராசு. "இருக்கிறம் எண்டு எழுதுங்கோ."

எழுதினேன்.

நல்லசிவம் சார் சரிபார்க்க மலைக்கு வந்தார். பள்ளிக்கூட மேசையில் படிவங்களை விரித்து, ஸ்கேலை வைத்து முதல் வீட்டைப் படித்தார். நகர்த்தினார். படித்தார். பத்தாவது வீட்டில் ஸ்கேல் நின்றுவிட்டது.

"இந்த ஊர்ல யாருமே பொறக்கலயாம்மா?"

"சொன்னத எழுதச் சொன்னீங்க சார்."

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு எழுந்து, யாரையும் அனுப்பாமல், தானே நடந்து ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனார். நான் அட்டையை அணைத்தபடி பின்னால் ஓடினேன். அங்கே அவர் அதட்டவும் இல்லை, விளக்கவும் இல்லை. மூன்று அண்ணன் தம்பிகள் கதையை முழுக்கக் கேட்டார். நடுநடுவே "ராஜா பக்கம் என்ன நியாயம் சொன்னாங்க?" என்றெல்லாம் விசாரித்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, இவ்வூரார் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தெரிவிக்கின்றனர் என்று எழுதி, கையெழுத்திட்டு, சீல் வைத்து நீட்டினார்.

"கவுண்டரே, இது உங்க வம்சத்துக்கு. அந்தப் படிவம் உங்களுக்கு. உங்க அம்மா உங்கள எங்க பெத்தாங்களோ அத மட்டும் டீச்சர்கிட்ட சொல்லிருங்க."

ஊர்க்கவுண்டர் சீலைத் தொட்டுப் பார்த்தார். அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு சாமி படங்களுக்கு நடுவில் மாட்டிவிட்டார்கள். நான் நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் இரண்டாம் தடவை நடந்து, புதுப் படிவத்தில் எல்லோரையும் அவரவர் வீட்டிலேயே பிறக்க வைத்தேன்.

இங்கே வரை கோமதி டீச்சருக்குத் தெரிந்த கதை. சிரிப்பும் இங்கே வரைதான்.

அந்த வார சனிக்கிழமை மதியம் வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் ஜெயமணி டீச்சர் பக்கத்து இருக்கையில் இருந்தார். மலையிலேயே வேறொரு நாட்டில் கணக்கெடுப்பவர். இரண்டு நாளாக நடந்து கால் வீங்கியிருந்த எனக்கு, கதையைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தது. நன்றாகவே சொன்னேன். ராஜாவோடு மனஸ்தாபத்தை ஊர்க்கவுண்டர் குரலிலேயே சொன்னேன். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு இன்னும் உற்சாகம் வந்தது. கதைக்கு ஒரு முத்தாய்ப்பு வேண்டும் போலிருந்தது.

"ஊர் முழுக்கக் காஞ்சிபுரம், நம்ம கேரளாக்காரர் ஊடு மட்டும் சிலோன்!"

பஸ்ஸே சிரித்தது. பிறகு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்னால் இருந்த ஒருவர், "சிலோனா? அப்ப முகாம்ல இல்லாம மலையில என்ன பண்றான்?" என்றார். இன்னொருவர், "அங்க சண்ட போட்டுட்டு இங்க வந்து ஒளிஞ்சுக்குவானுங்க" என்றார். பின்னாலிருந்து ஒரு அம்மா, "பாவம், பொழைக்க வந்தவங்க, உனக்கென்னய்யா?" என்றார். முதலில் பேசியவர் அதற்கு நீளமாகப் பதில் சொன்னார். நம் நாடு சத்திரமாகிவிட்டதாம். வருகிறவனையெல்லாம் உட்காரவைத்துச் சோறு போட்டால் நம் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்றார். அவருடைய போர்வெல் வண்டிகள் இரண்டு அப்போது ஆந்திராவிலும் ஒன்று மத்தியப் பிரதேசத்திலும் ஓடிக்கொண்டிருந்தன என்பதை அடுத்த வளைவுக்குள் அவரே சொன்னார். நம் பையன்கள் போகாத ஊரில்லை என்று அதில் அவருக்குப் பெருமை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இருபத்தைந்து வளைவு இன்னும் பாக்கி. வாந்தி நின்று மூன்று வருடம் ஆன எனக்கு அன்று திரும்ப வந்தது.

இங்கே என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போது அவள் கீழே ஆறாம் வகுப்பு. இப்போது வெளிநாட்டில் படிக்கிறாள். போன மாதம் போனில், பக்கத்து வீட்டு அம்மா பஸ் நிறுத்தத்தில் மற்றவர்களிடம், 'இந்தப் பெண்ணின் விசா இந்த வருடத்தோடு முடிகிறது' என்று சொல்லிக்கொண்டிருந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளே ஏதோ பேச்சுவாக்கில் அந்த அம்மாவிடம் சொன்னதுதானாம். "அவங்க நல்லவங்கதான்மா, சும்மா சொன்னாங்க" என்றாள். சும்மா சொல்கிறவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. அன்று முதல் தினம் இரண்டு தடவை போன் செய்கிறேன். அவளுக்கு எரிச்சல்.

அடுத்த வாரம் நடுவில் ஒரு போலீஸ்காரர் மலையேறி வந்தார். ஏட்டு. அன்று நல்லசிவம் சாரும் புதுப் படிவங்களைப் பார்க்க வந்திருந்தார். ஊர்க்கவுண்டரும் சீல் வைத்த தாளில் ஒரு எழுத்து சாய்ந்திருக்கிறது என்று முறையிட வந்திருந்தார். எல்லோரும் பள்ளிக்கூட வாசல் மரத்தடியில் இருந்தோம்.

ஏட்டு என்னைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார். "டீச்சர், இங்க சிலோன்காரங்க யாரோ இருக்கறதா நீங்க பஸ்ல சொன்னீங்களாமே. எந்த ஊடுங்க?"

நல்லசிவம் சார் ஸ்கேலை வரியில் வைத்தபடியே, தலை நிமிராமல் சொன்னார். "கணக்கெடுப்புல சொன்னத அவங்க சொல்லக் கூடாதுங்க. நானும் கூடாது."

"புக்க காட்ட வேண்டாம் சார். ஒரு தலையாட்டு போதும்."

"தலையும் சேத்துத்தான்."

ஏட்டு என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆம் என்று சொல்லிவிட்டால் இந்தப் பயம் விட்டது என்றும் தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அரசு வேலை, வீட்டில் பள்ளி போகும் பெண். போலீஸ் என்றாலே எனக்குக் குலை நடுங்கும்.

"என்னால சொல்ல முடியாதுங்க" என்றேன். "பஸ்ல பேசினது என் தப்பு."

அப்படிச் சொன்னதிலேயே பாதி சொல்லியாகிவிட்டது என்பது சொன்ன பிறகுதான் புரிந்தது. ஏட்டு சிரித்துக்கொண்டு ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. உங்க ஊர்ல வெளியாள் யாராச்சும் இருக்காங்களா?"

ஊர்க்கவுண்டர் யோசித்தார். அவர் எதையும் யோசிக்காமல் சொல்ல மாட்டார்.

"ஒருத்தங்க இருக்காங்க."

ஏட்டு நோட்டை எடுத்தார்.

"இந்த டீச்சரம்மாதானுங்க. சேந்தமங்கலம்."

"அட, அவங்க இல்லீங்க! அந்தக் கேரளாக்காரர் யாரோ ராசுன்னு…"

"ராசு எப்பிடீங்க வெளியாளு? நோம்பிக்கு எங்க கோயில்ல கெடா வெட்டினா ஊட்டுக்கு ஒரு பங்கு கறி போடுவோம். பங்கு வாங்கறவன் ஊர்க்காரன். ராசுவுக்கு மூணு வருசமா பங்கு போகுது. கோயில் வரிக்குச் சாமையும் அளந்து குடுக்கறாப்ல. டீச்சருக்குப் பங்கு கெடையாதுங்க. கூப்பிட்டு எலை போட்டுச் சோறு போடுவோம், அது விருந்தாளிக்கு."

ஏட்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்லசிவம் சாரின் ஸ்கேல்கூட அசைந்தது. எனக்கு மட்டும் சுருக்கென்றது. வருடாவருடம் எனக்குப் பெரிய இலை போட்டு முதல் பந்தியில் உட்காரவைப்பதைத் தனி மரியாதை என்று வீட்டில் பெருமையடித்திருந்தேன்.

ராசு இலங்கையில் பிறந்தவர் என்பது தெரியுமா என்று ஏட்டு நேராகவே கேட்டார். "அது அவுங்கூட்டுச் சமாச்சாரமுங்க" என்றார் ஊர்க்கவுண்டர். "நாங்க பங்கு போடறப்ப அதக் கேக்கறதில்ல." அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை அன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதன் பிறகும் முடியவில்லை.

ஏட்டு நோட்டை மூடினார். நல்ல மனிதர்தான்; அவருக்கும் மேலதிகாரி இருக்கிறார். "காகிதம் எதாச்சும் இருந்தா எடுத்துக்கிட்டு அவர ஸ்டேசனுக்கு வரச் சொல்லுங்க. வரலன்னா இன்ஸ்பெக்டர் ஜீப்ல வருவார். என்னால நிறுத்த முடியாது" என்று சொல்லிவிட்டு மதிய பஸ்ஸுக்குப் போனார்.

நல்லசிவம் சார் படிவங்களை அடுக்கினார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன்.

"பஸ்லயாம்மா?"

"ஆமா சார்."

"என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவங்கள எண்ணினது நான்தாம்மா. எத்தன பேருன்னு என் சம்சாரம் இன்னமும் கேக்கறா. நான் சொன்னதில்ல." ஸ்கேலைச் சட்டைப் பையில் செருகினார். அவர் குரல் அன்று தாழவில்லை, சாதாரணமாகவே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. "அந்த வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லிருங்க. வேற யார் வாய்லயும் கேக்க வேண்டாம்."

போனேன். தவமணி மரவள்ளிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். ராசு கொல்லையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டு நின்றார். பஸ்ஸில் நான் சொன்னதை, சொன்ன மாதிரியே சொன்னேன். ஏட்டு வந்ததையும் சொன்னேன். தவமணியின் கத்தி நிற்கவில்லை. ஒரு கிழங்கு முடிந்து அடுத்ததை எடுத்தார்.

"சனங்கள் சிரிச்சவையோ?" என்று கேட்டார்.

"சிரிச்சாங்க."

"ம்."

ராசு, "எழுதினதை அழிக்க ஏலுமோ, டீச்சர்?" என்றார்.

"முடியாதுங்க. அதுல இருந்து எதுவும் வெளிய போகாது. போனது என் வாயிலதான்."

"அப்ப தாள் நல்ல தாள்தான்" என்றார். கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. கோபப்படும் உரிமையைக்கூட முகாமிலேயே விட்டுவிட்டு வந்தவர்போல நின்றார்.

எனக்குத் தெரிந்த ஒன்றை, நடைமுறையைப் பேசினேன். இந்தக் கணக்கு மார்ச் ஒன்றாம் தேதி பிறக்கும் நேரத்துக்கானது, அதற்குமுன் ஊரை விட்டுப் போனவர்களை அடித்துவிட்டு, பிறந்தவர்களைச் சேர்த்து, மொத்தக் கூட்டலையும் மாற்றி எழுத வேண்டும், அதற்காக ஒன்றாம் தேதி காலையில் மறுபடி வருவேன் என்றேன். ஏற்கெனவே எல்லாப் படிவமும் இரண்டாம் தடவை எழுதியது, மூன்றாம் தடவை என்றால் நல்லசிவம் சார் என்னை மலையிலிருந்து உருட்டிவிடுவார் என்று ஒரு வேடிக்கையும் சேர்த்துவிட்டேன். பயந்தால் எனக்கு வேடிக்கை வந்துவிடும். ராசு மரியாதைக்குச் சிரித்தார்.

ஒன்றாம் தேதி வரை இருந்த அந்த ஏழு நாளும் ஜீப் சத்தம் கேட்டால் வகுப்பை விட்டு வெளியே வந்து பார்ப்பேன். அன்னாசிப்பழம் ஏற்ற வந்த வண்டியாக இருக்கும். மதி தினமும் பள்ளிக்கு வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் பெயரைக் கூப்பிட்டு வருகைப் பதிவேட்டில் குறிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மார்ச் ஒன்றாம் தேதி காலை ஏழரைக்கெல்லாம் அட்டையோடு கிளம்பினேன். முறையை மீறி, கடைசி வீட்டுக்கு முதலில் போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே சாணம் போட்டு மெழுகிய தரை இன்னும் ஈரமாக இருந்தது. அடுப்பைக்கூடக் கழுவி வைத்திருந்தார்கள். கொல்லையில் பாதிக்கிழங்கு தோண்டாமல் மண்ணுக்குள் இருந்தது.

ஊர்க்கவுண்டர் வாசலுக்கு வந்து நின்றார். அவர் கண்ணும் சரியில்லை.

"போயிட்டாங்க சாமி. விடிஞ்சப்பறம்தான் போனாங்க. புளியஞ்சோலைக்கு எறங்கற காட்டுப் பாதையில நானே கூடப் போயி, கொஞ்ச தூரம் விட்டுட்டு வாரேன். புள்ள தோள்ல தூங்கிட்டுப் போச்சு."

"எங்க போறேன்னு சொன்னாரா?"

"நான் கேக்கலீங்க. சொல்லித் தெரிஞ்சுக்கிட்டா அப்பறம் நானும் பஸ்ல போவேனில்ல."

குத்திச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா தெரியாது. இரண்டும்தான் போலிருக்கிறது. நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"நீங்க வந்து சொன்ன அன்னைக்கே துணிமணியெல்லாம் கட்டி வெச்சுட்டாங்க டீச்சர். கெளம்புங்கய்யா, ஜீப்பு வந்துருமுன்னு நான் தெனமும் சொன்னேன். ராசு கேக்கல. ஒண்ணாந்தேதி வரைக்கும் இருக்கோணும், இல்லாட்டி டீச்சர் கணக்குப் பூரா திரும்ப எழுதோணும், அவங்களுக்கு மேல இருக்கறவர் ஏசுவாருன்னு சொல்லிட்டு இருந்தாப்ல."

நான் மெழுகிய தரையில் கால் படாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நல்லசிவம் சார் மதியம் வந்தார். கடைசி வீட்டுப் படிவத்தில் ஸ்கேலை வைத்தார். இந்த வீட்டில் மாற்றம் உண்டா என்று கேட்டார். காலையில் போய்விட்டார்கள் என்றேன். கணக்கு நேரத்துக்கு இருந்தார்களா என்றார். இருந்தார்கள் என்றேன். என்னை ஒரு தடவை பார்த்தார், வேறெதுவும் கேட்கவில்லை.

"அப்ப அடிக்க வேண்டியதில்ல. ஆண் ஒண்ணு, பெண் ரெண்டு."

கூட்டல் மாறவில்லை. ஒரு படிவத்தைக்கூடத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. ஜீப் நான்காம் தேதி வந்தது, பூட்டாத வீட்டைப் பார்த்துவிட்டுப் போனது. ஐந்தாம் தேதி எல்லாவற்றையும் கட்டி ஒப்படைத்தேன். கடைசித் தாளின் அடியில், இதிலுள்ள விவரங்கள் யாவும் சரியானவை, பிழையேதும் இல்லை என்று அச்சடித்து, எடுத்தவர் கையெழுத்துப் போட ஒரு கோடு விட்டிருந்தது. அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன்.